வாங்கலாம், சேர்க்கலாமா? – லூசியானா பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்கா 1803-ல் பிரான்ஸிடமிருந்து லூசியானாவை வாங்கியது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. "அரசமைப்புச் சட்டத்தில் எழுதாத அதிகாரத்தை அரசு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாதிட்டு வந்த ஜெஃபர்சனே, அதில் எழுதாத ஒன்றைச் செய்தார்" என்ற வரி அதில் இருந்தது. தாமஸ் ஜெஃபர்சன்தான் அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவர். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவைதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: லூசியானா என்பது இன்றைய லூசியானா மாநிலம்தானா?

இல்லை. இன்றைய மாநிலம் அதில் ஒரு மூலை. அன்று லூசியானா என்றது மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே ராக்கி மலைத்தொடர் வரை விரிந்த நிலப்பரப்பை. ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகரமும் அதில் சேர்த்தி. மொத்தம் ஏறத்தாழ 8 லட்சத்து 28 ஆயிரம் சதுர மைல், அதாவது சுமார் 53 கோடி ஏக்கர். இன்றைய 15 மாநிலங்கள் முழுதாகவோ பகுதியாகவோ அதற்குள் வருகின்றன.

எல்லை எது என்று உடன்படிக்கையில் தெளிவாக எழுதவே இல்லை. ஸ்பெயினிடமிருந்து பிரான்ஸுக்கு எப்படி வந்ததோ அப்படியே தருகிறோம் என்று மட்டும் எழுதினார்கள். அதனால் புளோரிடா பக்கத்திலும் டெக்சாஸ் பக்கத்திலும் பல ஆண்டுகள் எல்லைத் தகராறு ஓடியது.

கேள்வி: நிலப்பசிதான் காரணமா? எதற்காக வாங்கப் போனார்கள்?

வாங்கப் போனது ஒரு துறைமுகத்தை. கென்டக்கி, டென்னசி, ஒஹாயோ பகுதி விவசாயிகளின் மாவும் பன்றி இறைச்சியும் புகையிலையும் ஆற்று வழியே நியூ ஆர்லியன்ஸுக்கு வந்துதான் கடலுக்குப் போக வேண்டும். அங்கே சரக்கை இறக்கி வைத்துக் கப்பலுக்கு மாற்றும் உரிமையை 1795-ல் ஸ்பெயின் உடன்படிக்கை மூலம் தந்திருந்தது. 1802 அக்டோபரில் அங்கிருந்த ஸ்பானிய அதிகாரி மொராலெஸ் அந்த உரிமையை நிறுத்திவிட்டார். அதற்கு முன்பே, 1800 அக்டோபர் 1 அன்று சான் இல்டெஃபோன்சோவில் கையெழுத்தான ரகசிய உடன்படிக்கையால் லூசியானா முழுவதும் காகிதத்தில் பிரான்ஸுக்குப் போயிருந்தது. பலவீனமான ஸ்பெயின் ஆற்று வாயில் உட்கார்ந்திருப்பது வேறு, நெப்போலியன் உட்கார்ந்திருப்பது வேறு. நியூ ஆர்லியன்ஸை யார் வைத்திருக்கிறாரோ அவரே நமக்கு இயல்பான எதிரி என்று 1802 ஏப்ரல் 18 அன்று பாரிஸில் இருந்த தூதர் ராபர்ட் லிவிங்ஸ்டனுக்கு ஜெஃபர்சன் எழுதினார்.

லிவிங்ஸ்டனுக்குத் துணையாக ஜேம்ஸ் மன்றோவையும் பாரிஸுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குத் தரப்பட்ட கட்டளை நியூ ஆர்லியன்ஸையும் கிழக்கு, மேற்கு புளோரிடாக்களையும் வாங்கு என்பது. உச்ச வரம்பு சுமார் 93 லட்சத்து 75 ஆயிரம் டாலர். ஆற்றுக்கு மேற்கே ஒரு ஏக்கர்கூட அந்தக் கட்டளையில் இல்லை. ஆனால் செயின்ட் டொமிங்கில், அதாவது இன்றைய ஹைட்டியில், பிரெஞ்சுப் படை மஞ்சள் காய்ச்சலுக்கும் விடுதலைக்காகப் போராடிய கறுப்பின மக்களுக்கும் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. தளபதி லெக்லெர்க் 1802 நவம்பரில் இறந்தார். அந்தத் தீவு கையில் இல்லாவிட்டால் லூசியானாவால் நெப்போலியனுக்குப் பயனில்லை. இங்கிலாந்தோடு போரும் வரப்போகிறது. 1803 ஏப்ரல் 11 அன்று, "மொத்த லூசியானாவுக்கும் என்ன தருவீர்கள்?" என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தாலிரான் லிவிங்ஸ்டனைக் கேட்டார். மன்றோ பாரிஸ் வந்து சேர்ந்தது மறுநாள்.

கேள்வி: அரசமைப்புச் சட்டத்தில் சரியாக எந்த இடத்தில் இடித்தது? "நிலம் வாங்கக் கூடாது" என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

எங்கும் எழுதவில்லை. வாங்கலாம் என்றும் எழுதவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மத்திய அரசுக்குத் தரப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது பத்தாவது திருத்தம். 1791-ல் நிதிச் செயலர் ஹாமில்டன் தேசிய வங்கி தொடங்க முனைந்தபோது, இந்தத் திருத்தம்தான் அடித்தளக் கல், இதைத் தாண்டி ஒரு அடி வைத்தாலும் எல்லையில்லாத அதிகாரக் களத்துக்குள் போய்விடுவோம் என்று அப்போதைய குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்கு எழுத்தில் கருத்துக் கொடுத்தவர் ஜெஃபர்சன்.

இந்த விஷயத்தை எழுதும் பலர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். அவற்றைப் பிரித்து வைத்தால்தான் அன்று யார் எதற்கு வாதாடினார்கள் என்று புரியும்.

முதல் கேள்வி, அந்நிய நிலத்தை வாங்கலாமா? இரண்டாவது, வாங்கிய நிலத்தை ஆளலாமா? மூன்றாவது, அந்த நிலத்தையும் அதில் வாழும் மக்களையும் ஒன்றியத்தில் சேர்த்து, நாளை மாநிலமாக்கி, நாடாளுமன்ற மேலவையான செனட்டில் இரண்டு இடம் தரலாமா?

முதலாவதற்கு விடை காண்பது அவ்வளவு கடினம் இல்லை. குடியரசுத் தலைவரும் செனட்டும் சேர்ந்து உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்கிறது இரண்டாவது பிரிவு. நாடுகள் உடன்படிக்கை போடும் விஷயங்களில் நிலம் காலங்காலமாக ஒன்று. இரண்டாவதற்கு நான்காவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு இருக்கிறது: ஒன்றியத்துக்குச் சொந்தமான நிலப்பகுதிகளுக்குத் தேவையான விதிகளைக் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், வகுக்கலாம். அது 1787-ல் கையிலிருந்த நிலத்துக்கு மட்டுமா, பின்னால் வருவதற்குமா என்று கேட்க இடமுண்டு.

கத்தி மாதிரி நின்றது மூன்றாவதுதான். "புதிய மாநிலங்களைக் காங்கிரஸ் சேர்க்கலாம்" என்று அதே உட்பிரிவு சொல்கிறது. எங்கிருந்து வரும் மாநிலங்கள்? 1783-ல் சுதந்திரம் ஏற்கப்பட்டபோது இருந்த எல்லைக்குள் பிறப்பவையா, உலகத்தில் எங்கிருந்தும் வரலாமா? இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் ஹாலந்தையும் இந்த ஒன்றியத்தில் சேர்க்கலாம் என்ற எண்ணத்தில் அந்த வரியை எழுதியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை என ஜெஃபர்சனே எழுதினார். லூசியானா உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவோ, அங்குள்ள மக்கள் ஒன்றியத்தில் சேர்க்கப்படுவார்கள், இயன்ற விரைவில் குடிமக்களின் எல்லா உரிமைகளையும் பெறுவார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டது. பாரிஸில் கையெழுத்திட்ட இரண்டு தூதர்கள், மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று நாட்டின் சார்பில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: ஜெஃபர்சனின் அமைச்சரவை என்ன சொன்னது?

பேரம் முடிவதற்கு முன்பே, 1803 ஜனவரியிலேயே இந்த விவாதம் நடந்துவிட்டது. அட்டர்னி ஜெனரல் லீவை லிங்கன் ஒரு குறுக்கு வழி சொன்னார்: வாங்குவதை "வாங்குதல்" என்று எழுதாமல், மிசிசிப்பி பிரதேசத்தின் (பிரதேசம் என்பது இன்னும் மாநிலமாகாத, மத்திய அரசு ஆளும் பகுதி) அல்லது ஜார்ஜியா மாநிலத்தின் எல்லையை நீட்டுவதாக உடன்படிக்கையில் எழுதிவிடலாம்.

நிதிச் செயலர் ஆல்பர்ட் கேலட்டின் ஜனவரி 13 கடிதத்தில் இதை ஒரே வாதத்தால் சாய்த்தார். ஒன்றியத்துக்காக வாங்க அதிகாரம் இல்லையென்றால், ஒரு மாநிலத்துக்காக வாங்க மட்டும் அதிகாரம் எங்கிருந்து வரும்? பிறகு தன் கருத்தை வைத்தார். நாடு என்றாலே நிலம் பெறும் உரிமை அதற்குள் அடங்கியது. உடன்படிக்கை வழியாகப் பெறும்போது, உடன்படிக்கை செய்யும் அதிகாரம் யாரிடமோ அவர்களே அதற்கும் ஒப்புதல் தரலாம். பெற்றபின் மாநிலமாகச் சேர்ப்பதோ பிரதேசமாக ஆள்வதோ காங்கிரஸின் கையில். கால் நூற்றாண்டுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் போய்ச் சேர்ந்த இடமும் கிட்டத்தட்ட இதுதான். அன்றைய அமைச்சரவையில் கூர்மையான சட்ட மூளை நிதித்துறையில்தான் இருந்தது என்பது எங்கள் கருத்து.

ஜெஃபர்சன் தந்த பதிலைக் கவனியுங்கள். நிலம் பெறுவதில் சட்டச் சிக்கல் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒன்றியத்தைப் பெரிதாக்குவதைத் திருத்தம் இல்லாமல் அனுமதிக்காமல் இருப்பதே பாதுகாப்பானது என்கிறார். ஆக, ஜனவரியில் அவரை உறுத்தியது மேலே சொன்ன மூன்றாவது கேள்வி மட்டும். ஆகஸ்டில் முதல் கேள்வியும் உறுத்தத் தொடங்கிவிட்டது.

கேள்வி: திருத்தம் கொண்டுவர அவர் உண்மையிலேயே முயன்றாரா, பேச்சுக்குச் சொன்னாரா?

முயன்றார். தன் கையாலேயே எழுதிப் பார்த்தார். நாள் வாரியாகப் பார்த்தால் அவர் எங்கே நின்றார், எங்கே நகர்ந்தார் என்று தெரியும்.

உடன்படிக்கையில் உள்ள தேதி 1803 ஏப்ரல் 30. வாங்கியாகிவிட்டது என்ற செய்தி வாஷிங்டனுக்கு வந்தது ஜூலை 3 மாலை. மறுநாள் சுதந்திர தினப் பத்திரிகையில் அச்சானது. உடன்படிக்கை ஜூலை 14 அன்று கைக்கு வந்தது. அந்த மாதமே ஒரு நீண்ட திருத்த வரைவை எழுதி அமைச்சர்களிடம் சுற்றுக்கு விட்டார். ஆகஸ்டில் அதைச் சில வரிகளாகச் சுருக்கினார்.

ஆகஸ்ட் 9 அன்று, அரசமைப்புச் சட்டத்தை வகுத்த அவையில் இருந்த ஜான் டிக்கின்சனுக்கு எழுதுகிறார்: அந்நிய நிலத்தை வைத்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் தரவில்லை, அதை ஒன்றியத்தில் சேர்க்கும் அதிகாரத்தை அதைவிடவும் தரவில்லை, திருத்தம் தேவை. ஆனால் அதற்குள் ஒப்புதல் தந்து பணத்தையும் கட்டியாக வேண்டும்.

ஆகஸ்ட் 12 அன்று கென்டக்கி செனட்டர் ஜான் பிரெக்கின்ரிட்ஜுக்குப் போனது அந்தக் கோடையின் முக்கியமான கடிதம். பெறுநர் யார் என்பதை மறக்கக் கூடாது. மத்திய அரசு தனக்குத் தரப்படாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டால் அந்தச் செயல் செல்லாது என்ற தீர்மானங்களை 1798-ல் ஜெஃபர்சன் ரகசியமாக எழுதிக் கொடுக்க, கென்டக்கி சட்டமன்றத்தில் முன்வைத்தவர் இதே பிரெக்கின்ரிட்ஜ். அவருக்குத்தான் இப்போது எழுதுகிறார்: நிர்வாகம் அரசமைப்புச் சட்டத்துக்கு அப்பாற்பட்ட ஒரு செயலைச் செய்திருக்கிறது. காங்கிரஸ் நுண்ணிய தர்க்கங்களைப் பின்னால் தள்ளிவிட்டு, ஒப்புதல் தந்து, பணம் கட்டி, பிறகு மக்களிடம் போய் நிற்க வேண்டும். இது ஒரு காப்பாளர் தன் பராமரிப்பில் உள்ள சிறுவனின் பணத்தைப் போட்டுப் பக்கத்து நிலத்தை வாங்குவது போன்றது. சிறுவன் வயதுக்கு வந்ததும், "உன் நன்மைக்காகச் செய்தேன், உன்னைக் கட்டுப்படுத்த எனக்கு உரிமை இல்லை, வேண்டாமென்றால் மறுத்துவிடு, விளைவை நான் அனுபவிக்கிறேன்" என்று சொல்வார்.

ஐந்து நாள் கழித்துப் பாரிஸ் கடிதம் வந்தது. நெப்போலியனுக்கு விற்றது பிடிக்கவில்லை, சாக்குக் கிடைத்தால் பின்வாங்கிவிடுவார் என்பது அதன் சாரம். ஆகஸ்ட் 18 அன்று பிரெக்கின்ரிட்ஜுக்கு அவசரமாக இன்னொரு கடிதம் போகிறது: பின்வாங்க இடம் தரும் எதையும் இது பற்றிப் பேசக் கூடாது, முன் கடிதத்தின் அந்தப் பகுதியை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியுறவுச் செயலர் மாடிசனுக்கும் அதே நாளில், சட்டச் சிக்கல் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது, செய்ய வேண்டியதை ஓசையில்லாமல் செய்ய வேண்டும் என்று எழுதினார்.

செப்டம்பர் 3 அன்று வர்ஜீனியா செனட்டர் வில்சன் கேரி நிக்கலஸ் எச்சரித்தார்: நீங்களே இது வரம்பு மீறியது என்று சொன்னால் செனட் நிராகரித்துவிடக்கூடும். செப்டம்பர் 7 பதிலில் ஜெஃபர்சன் தன் கொள்கையை ஒருமுறை முழுமையாகச் சொல்கிறார். அதிகாரத்தை எல்லையற்றதாக்கும் வியாக்கியானத்தைவிட, தேவையான அதிகாரத்தை நாட்டிடம் கேட்டு வாங்குவதையே விரும்புகிறேன். நமக்குள்ள தனிப் பாதுகாப்பு எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம். வியாக்கியானத்தால் அதை வெற்றுத்தாள் ஆக்கிவிடாதிருப்போம். இதைச் சொன்ன கையோடு, நண்பர்கள் வேறு மாதிரி நினைத்தால் மனநிறைவோடு இணங்குவேன் என்றும் முடிக்கிறார். அக்டோபர் 17 அன்று கூடிய காங்கிரஸுக்கு அவர் அனுப்பிய செய்தியில் திருத்தம் கோரும் வரி இல்லை.

கேள்வி: காப்பாளர் உவமை நியாயமாகத்தானே இருக்கிறது?

நேர்மையான உவமை. ஆனால் அது நிற்க ஒரு நிபந்தனை வேண்டும்: வயதுக்கு வந்தவனிடம் கேட்க வேண்டும். மறுக்கும் வாய்ப்பு கையில் இருந்தால்தான் அது காப்பாளர் செயல். திருத்தம் மாநிலங்களின் முன் போயிருந்தால் அதுவே அந்தக் கேள்வியாக இருந்திருக்கும். கேட்கவே இல்லை. அடுத்த தேர்தலில் அவர் பெரும் வெற்றி பெற்றது உண்மைதான். தேர்தலில் மக்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகாரத்தின் எல்லையை மாற்றி எழுதுவதில்லை. அவர் ஒப்புதலுக்கு முன் வாயை மூடிக்கொண்டதை எங்களால் புரிந்துகொள்ள முடிகிறது. நிலம் கை மாறிய 1803 டிசம்பருக்குப் பிறகு நெப்போலியன் பின்வாங்க வழியே இல்லை. அப்போதும் வாயைத் திறக்காததுதான் பிழை.

கேள்வி: திருத்தம் நிறைவேற எவ்வளவு நாள் ஆகியிருக்கும்? நேரம் இல்லை என்பது வெறும் சாக்கா?

ஒப்புதலுக்கு முன்பே திருத்தம் என்றால் நேரம் உண்மையிலேயே இல்லை. கையெழுத்தான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒப்புதல் ஆவணங்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். அதாவது அக்டோபர் 30 கடைசி நாள். உடன்படிக்கை கைக்கு வந்தபோதே மூன்றரை மாதம்தான் மிச்சம். அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவின்படி இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள். ஒஹாயோ சேர்ந்தபின் அன்று 17 மாநிலங்கள், ஆகவே 13 தேவை.

எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. அதே காங்கிரஸ், அதே குளிர்காலத்தில் குடியரசுத் தலைவர் தேர்தல் முறையை மாற்றும் பன்னிரண்டாம் திருத்தத்தை நிறைவேற்றியது. 1803 டிசம்பர் 9 அன்று பிரதிநிதிகள் சபையில் 84-க்கு 42. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குக்கூடக் கூடுதல் இல்லை. மாநிலங்களின் ஒப்புதல் 1804 ஜூன் 15-ல் முடிந்தது. ஆறு மாதம். முதலில் ஒப்புதல், பிறகு திருத்தம் என்ற ஜெஃபர்சனின் ஆகஸ்ட் யோசனை, காலக்கணக்கில் முழுக்க நடைமுறைக்கு ஒத்தது. லூசியானாவுக்கான ஆதரவோ பன்னிரண்டாம் திருத்தத்துக்குக் கிடைத்ததைவிட வலுவானது. தோற்றுவிடும் என்ற பயத்தை வைத்து அந்தக் கைவிடலை நியாயப்படுத்த முடியாது.

செனட்டர் ஜான் குவின்சி ஆடம்ஸ் எதிர்க்கட்சியான பெடரலிஸ்ட்காரர். வாங்கியதை ஆதரித்தார், ஆனால் திருத்தம் வேண்டும் என்றார். அதற்கொரு குழு அமைக்க நவம்பர் 25 அன்று அவர் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவே கிடைக்கவில்லை. அவருடைய நிலைதான் அன்று இருந்தவற்றில் சரியானது என்று நினைக்கிறோம்.

கேள்வி: ஜெஃபர்சன் எழுதிய திருத்த வரைவில் என்னதான் இருந்தது?

இதை அதிகம் பேர் படிப்பதில்லை. படித்தால் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். சுருக்க வரைவு நான்கு விஷயங்களைச் சொல்கிறது. பிரான்ஸ் தந்த லூசியானா அமெரிக்காவின் பகுதி ஆகிறது. அதன் வெள்ளையின மக்கள் குடிமக்கள் ஆவார்கள். ஆர்கன்சா ஆற்றின் வாயிலிருந்து கிழக்கு மேற்காக ஒரு கோடு இழுத்தால், அதற்கு வடக்கே இன்னொரு திருத்தம் வரும்வரை புதிய மாநிலம் கூடாது. பூர்வகுடிகள் தங்கள் நிலத்தைக் கொடுத்து மாற்றாகப் பெறுவது தவிர நிலம் வழங்கவும் கூடாது. புளோரிடா முறைப்படி கிடைக்கும்போது அதுவும் அமெரிக்காவின் பகுதி ஆகும்.

"வெள்ளையின" என்ற ஒரு சொல்லால் நியூ ஆர்லியன்ஸில் அடிமைகளாக இல்லாமல் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்கள் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். கோட்டுக்கு வடக்கே என்ற ஏற்பாடு, மிசிசிப்பிக்குக் கிழக்கே வாழும் பூர்வகுடிகளை மேற்கே நகர்த்திவிட்டு அவர்கள் விட்டுப்போகும் நிலத்தில் வெள்ளையரைக் குடியேற்றும் திட்டம். ஜூலையில் எழுதிய நீண்ட வரைவில் லூசியானாவின் பூர்வகுடிகளுக்கு நிலத்தில் வாழும் உரிமையும் தன்னாட்சியும் உறுதி என்ற வரி இருந்தது. சுருக்கியபோது அது போய்விட்டது.

எனவே திருத்தம் வந்திருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். முறை சரியாக இருந்திருக்கும். உள்ளடக்கம் வேறு விவாதம். பிரான்ஸ் விற்றதும் அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களின் சொத்தை அல்ல. பிற ஐரோப்பிய நாடுகளை விலக்கிவிட்டு அவர்களிடம் பேரம் பேசும் உரிமையைத்தான் விற்றது. ஓசேஜ், சூ உள்ளிட்ட பூர்வகுடி மக்களோடு அதன்பின் தனித்தனி உடன்படிக்கைகளும் போர்களும் நடந்ததே அதற்குச் சாட்சி.

கேள்வி: விலை எவ்வளவு? பணம் எப்படிக் கட்டினார்கள்?

8 கோடி ஃபிராங்க். அதில் 6 கோடி பிரான்ஸுக்கு. மீதி 2 கோடி, பிரான்ஸிடமிருந்து அமெரிக்கக் குடிமக்களுக்கு வர வேண்டியிருந்த இழப்பீட்டுப் பாக்கி. அதை அமெரிக்க அரசே தன் மக்களுக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்றது. டாலருக்கு 5.3333 ஃபிராங்க் என்று விகிதத்தை எழுதியே வைத்தார்கள். அந்தக் கணக்கில் 1 கோடியே 12 லட்சத்து 50 ஆயிரம், கூட 37 லட்சத்து 50 ஆயிரம், மொத்தம் 1.5 கோடி டாலர். ஏக்கருக்கு மூன்று சென்ட்டுக்கும் குறைவு.

பிரான்ஸின் பங்கு ரொக்கமாகப் போகவில்லை, 6 சதவீத வட்டிக் கடன் பத்திரங்களாகப் போனது. வருட வட்டி மட்டும் 6 லட்சத்து 75 ஆயிரம் டாலர். லண்டனின் பேரிங் நிறுவனமும் ஆம்ஸ்டர்டாமின் ஹோப் நிறுவனமும் அந்தப் பத்திரங்களை வாங்கிக்கொண்டு நெப்போலியனுக்குப் பணம் கொடுத்தன. இங்கிலாந்தும் பிரான்ஸும் போரில் இருந்த காலம் அது என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: எதிர்க்கட்சியினர் கொள்கைக்காக எதிர்த்தார்களா, அரசியலுக்காகவா?

இரண்டும். புதிய மாநிலங்கள் சேரச் சேர நியூ இங்கிலாந்தின் கை தாழும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. அதற்காக அவர்கள் வாதங்களைத் தள்ளிவிட முடியாது. கனெக்டிகட் செனட்டர் யூரையா டிரேசி, வாங்கலாம், பிரதேசமாக ஆளலாம், மாநிலமாகச் சேர்க்க முடியாது என்று மூன்று கேள்விகளையும் துல்லியமாகப் பிரித்தார். மாசசூசெட்ஸ் செனட்டர் டிமத்தி பிக்கரிங் இன்னும் கடுமையாக, திருத்தம்கூடப் போதாது, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும் என்றார்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இரு கட்சிகளும் இடம் மாறி நின்றது போலத் தெரியும். அரசமைப்புச் சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள் சொல்லி வந்தவர்கள் இறுக்கிப் பிடித்தார்கள். இறுக்கிப் பிடித்தவர்கள் தாராளமானார்கள்.

செனட் 1803 அக்டோபர் 20 அன்று 24-க்கு 7 என ஒப்புதல் தந்தது. கூடிய நான்காம் நாள். பிரதிநிதிகள் சபையில் ஒரு கணம் ஆட்டம் கண்டது: பிரான்ஸுக்கு உண்மையில் விற்கும் உரிமை உண்டா என்று காட்டும் ஆவணங்களைக் கேட்ட பெடரலிஸ்ட் உறுப்பினர் கிரிஸ்வோல்டின் தீர்மானம் 57-க்கு 59 என இரண்டே வாக்கில் தோற்றது. அந்தக் கேள்வி அற்பமானது அல்ல. மூன்றாம் நாட்டுக்குத் தரமாட்டோம் என்று பிரான்ஸ் வாக்களித்திருந்ததாக ஸ்பானியத் தூதர் கசா இருகோ செப்டம்பரிலேயே எழுத்தில் ஆட்சேபித்திருந்தார்.

கேள்வி: உடன்படிக்கையில் வேறு எந்த வரியாவது அரசமைப்புச் சட்டத்தோடு மோதியதா?

ஏழாம் பிரிவு. பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் தங்கள் நாட்டுச் சரக்கோடு வந்தால், நியூ ஆர்லியன்ஸில் 12 ஆண்டுகளுக்கு அமெரிக்கக் கப்பல்களுக்கு உள்ள அதே தீர்வைதான். ஒரு மாநிலத்தின் துறைமுகத்துக்கு இன்னொன்றைவிடச் சலுகை தரக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டம். பாஸ்டனில் இல்லாத சலுகை நியூ ஆர்லியன்ஸில் எப்படி? அரசுத் தரப்பின் பதில்: அது இன்னும் மாநிலம் அல்ல, பிரதேசம்தான், விதி மாநிலத் துறைமுகங்களுக்கு. ஆக, மூன்றாம் பிரிவைக் காக்க "இது ஒன்றியத்தில் சேர்கிறது" என்றும், ஏழாம் பிரிவைக் காக்க "இன்னும் சேரவில்லை" என்றும் ஒரே வாரத்தில் வாதாட வேண்டியிருந்தது. வாங்கிய நிலம் நாட்டுக்குச் "சொந்தமா", நாட்டின் "பகுதியா" என்ற இந்தப் பிளவு பின்னால் 1901-ல், போர்ட்டோ ரீக்கோ ஆரஞ்சுப் பழங்களுக்கான தீர்வை வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கே வந்தது.

கேள்வி: அங்கிருந்த மக்களை எப்படி ஆண்டார்கள்?

கொள்கையைக் கைவிட்டதன் விலை தெரிவது இங்கேதான். 1803 அக்டோபர் 31 சட்டம், படை, சிவில், நீதி அதிகாரங்கள் அனைத்தையும் தலைவர் குறிப்பிடும் ஆட்களிடம் ஒப்படைத்தது. ஸ்பானிய ஆளுநர் கையிலிருந்த அதிகாரம் அப்படியே கை மாறியது. டிசம்பர் 20 அன்று நியூ ஆர்லியன்ஸில் பிரெஞ்சுக் கொடி இறங்கி அமெரிக்கக் கொடி ஏறியது. 1804 மார்ச் 26 சட்டம் தென்பகுதியை ஆர்லியன்ஸ் பிரதேசம் ஆக்கியது. ஆளுநரையும் 13 பேர் கொண்ட சட்டக் குழுவையும் நியமிப்பவர் குடியரசுத் தலைவர். ஒருவரையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

பிரதிநிதித்துவம் இல்லாத வரி கூடாது என்று போராடிப் பிறந்த நாடு அது. நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் அதையே எடுத்துக்காட்டி, மூன்றாம் பிரிவின் வாக்குறுதி எங்கே என்று கேட்டு 1804-ல் மூவரை மனுவோடு வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அந்த மனுவில் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை போட்டதற்கு எதிர்ப்பும் இருந்தது. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. 1805-ல் தேர்ந்தெடுத்த சபை கிடைத்தது. மாநிலமானது 1812 ஏப்ரல் 30-ல்.

கேள்வி: நீதிமன்றம் எப்போது முடிவு சொன்னது?

லூசியானாவை வாங்கியது செல்லுமா என்று நேரடியாகக் கேட்ட வழக்கில் அல்ல. 1828-ல், புளோரிடாவில் எழுந்த ஒரு கப்பல் காப்பீட்டு வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சொன்னார்: போர் செய்யவும் உடன்படிக்கை செய்யவும் ஒன்றிய அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆகவே வெற்றியாலோ உடன்படிக்கையாலோ நிலம் பெறும் அதிகாரமும் உண்டு. அதற்குள் லூசியானாவும் மிசௌரியும் மாநிலங்களாகிவிட்டன. நடந்து முடிந்ததற்குப் பின்னால் வந்து சட்டம் கையெழுத்திட்டது.

கேள்வி: பிற்காலத்தில் ஜெஃபர்சன் தன் செயலைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

1810 செப்டம்பர் 20 அன்று பத்திரிகையாளர் ஜான் பி. கொல்வினுக்கு எழுதிய கடிதத்தில் பொதுவாகச் சொன்னார். எழுதிய சட்டத்தை அப்படியே பின்பற்றுவது நல்ல குடிமகனின் உயர்ந்த கடமைகளில் ஒன்று, ஆனால் மிக உயர்ந்தது அல்ல. நாட்டை ஆபத்திலிருந்து காப்பது அதற்கும் மேல். உதாரணமாக லூசியானாவை அவர் எடுக்கவில்லை. நடக்காத ஒன்றை எடுத்தார்: 1805-ல் புளோரிடா நல்ல விலைக்கு வருகிறது, காங்கிரஸ் கூடுவதற்கு மூன்று வாரம் இருக்கிறது, கூடினாலும் அதன் உறுப்பினர் ஜான் ராண்டால்ஃப் போன்ற ஒருவர் வசந்தம்வரை இழுத்தடிப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள், தலைவர் வாங்கிவிடலாமா? வாங்கலாம் என்பது அவர் பதில். அப்படிச் செய்பவர் பிறகு நாட்டின் நீதிக்கு முன் தன்னை ஒப்படைத்து நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினார். 1803 ஆகஸ்ட் 12 கடிதத்திலும் இதே வாக்குறுதி இருந்தது. அதை நிறைவேற்றியிருக்கக்கூடிய சில வரித் திருத்தம் காங்கிரஸின் மேசைக்கு அனுப்பப்படாமல் அவருடைய காகிதங்களுக்குள்ளேயே தங்கிவிட்டது.